மை, பென்சீன், கரும்பு: சுடருக்குள் ஒரு வரலாறு

கண்ணில் தீட்டுவதும் மை, எழுதுவதும் மை. இரண்டையும் நம் முன்னோர் விளக்குச் சுடரின் புகைக்கரியிலிருந்தே திரட்டினர். அந்தக் கரி சுடருக்குள் எப்படிப் பிறக்கிறது என்ற வினாவுக்கு வேதியியல் விடை தேடிய வரலாறு, காணிப்பாக்கத்தைச் சூழ்ந்த சித்தூர்க் கரும்புக் கொல்லைகள் வரை நீள்கிறது.

1825இல் மைக்கேல் ஃபாரடே, விளக்கெரிக்கப் பயன்பட்ட எண்ணெய் வாயுவை அழுத்தியபோது தங்கிய நீர்மத்திலிருந்து பென்சீனைப் பிரித்தார். 1860ஆம் ஆண்டின் இறுதியில் தொடங்கிய மெழுகுவர்த்திச் சொற்பொழிவுகளில், சுடரின் ஒளிக்குக் காரணம் அதனுள் கனலும் கரித்துகள்களே என்று விளக்கினார். இவ்விரண்டுக்கும் உள்ள உறவு பின்னரே தெளிவாயிற்று. இரு புரொபார்ஜில் உறுப்புகள் இணைந்து பென்சீன் வளையம் உருவாகிறது. அதன்மேல் அசிட்டிலீன் படிப்படியாகச் சேர, பல்வளைய மூலக்கூறுகள் வளர்கின்றன. புகைக்கரியின் முன்னோடிகள் இவையே.

எரிபொருளில் சேர்மானம் கலக்கும் வழக்கம் வேறொரு தேவையால் வந்தது. 1921இல் தாமஸ் மிட்ஜ்லி, இயந்திரத் தட்டலைத் தடுக்க டெட்ரா எத்தில் ஈயத்தைக் கண்டறிந்தார். இந்தியா 2000இல் ஈயப் பெட்ரோலைக் கைவிட்டது. ஈயம் அகன்றால் ஆக்டேனைக் காக்க வேறு பொருள் வேண்டும். அதற்குக் கைகொடுக்கும் பென்சீன் வகைச் சேர்மங்களோ தாமே கரியின் முன்னோடிகள். இன்றைய பி.எஸ். 6 விதி பென்சீனை 1 விழுக்காட்டுக்குள் கட்டுப்படுத்துவதற்கு, அது புற்றுநோய் விளைவிப்பது என்பதும் காரணம்.

2003 சனவரியில் ஆந்திரம், தமிழ்நாடு உள்ளிட்ட ஒன்பது மாநிலங்களில் 5 விழுக்காடு எத்தனால் கலக்கும் திட்டம் வந்தது. வெல்லத்துக்குப் பெயர்பெற்ற சித்தூர் போன்ற கரும்பு வட்டாரங்களின் பயிர், இவ்வாறு எரிபொருள் வரலாற்றுக்குள் நுழைந்தது.

எத்தனால் எப்போதும் கரியைக் குறைக்குமா? காற்றோடு முன்பே கலந்து எரியும் சுடரில் பொதுவாகக் குறைக்கிறது. அதன் ஆக்சிஜன், கரிமத்தின் ஒரு பகுதியைக் கார்பன் மோனாக்சைடாகப் பிணைத்துவிடுகிறது. ஆனால் விளக்குச் சுடர்போல் எரிபொருளும் காற்றும் தனித்தனியே வந்து சேரும் எத்திலீன் சுடரில், சிறிதளவு எத்தனால் பென்சீனையும் கரியையும் கூட்டுவதாக 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. எத்தனால் சிதைந்து தரும் மெத்தில் உறுப்புகள், இரு கரிம மூலக்கூறுகளோடு சேர்ந்து புரொபார்ஜிலைப் பெருக்குவதே காரணம்.

ஆகவே ‘தூய எரிபொருள்’ என்ற தொடரைக் கட்டுரையில் எழுதும் மாணவர்கள், எந்தச் சுடரில், எந்த எரிபொருளோடு ஒப்பிட்டு என்பதையும் சேர்த்தே எழுத வேண்டும். அவ்விரண்டும் இல்லாத இடத்தில் அச்சொல் ஆய்வு முடிபு ஆகாது, விளம்பரமாகவே நிற்கும்.