மேகத்தைத் துளைத்துப் பார்க்கும் கண்

(வானொலி உரை)



2024 கார்த்திகையில் அடித்த ஃபெஞ்சல் புயலை நம்ம பக்கத்தில் யாரும் மறந்திருக்க மாட்டீர்கள். மயிலத்தில் ஒரே நாளில் 51 சென்டிமீட்டர் மழை. சாத்தனூர் அணை திறந்து, தென்பெண்ணை கரை மீறி ஓடியது. தண்ணீர் வடிந்த பிறகு முகையூரில் ஒரு பெரியவர் என்னிடம் கேட்டார்: "ஏன் சார், செயற்கைக்கோள் மேலேயிருந்து பயிரைப் பார்க்குதுன்னு சொல்றீங்களே, இப்படி மேகம் கவிஞ்சு கிடக்கிறப்போ அது எப்படிங்க என் வயலைப் பார்க்கும்?"

நியாயமான கேள்வி. விஞ்ஞானிகளும் இந்தக் கேள்வியோடு பல வருஷம் மல்லுக்கட்டியிருக்கிறார்கள். அந்தக் கதையைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் நாட்டில் இந்த வேலை ஒரு தென்னந்தோப்பில் ஆரம்பித்தது. 1970-ஐ ஒட்டி, கேரளத்தில் தென்னை வாடல் நோயைக் கண்டறிய, விஞ்ஞானி பிஷாரட்டியின் முயற்சியில் ஹெலிகாப்டரிலிருந்து விசேஷப் படம் எடுத்தார்கள். பிறகு 1988 மார்ச் 17-ல் ஐ.ஆர்.எஸ்-1ஏ செயற்கைக்கோள் விண்ணுக்குப் போனது. நிலத்தையும் பயிரையும் அது நன்றாகவே படம் பிடித்தது. ஆனால் அது காமிரா. வெயில் வேண்டும், வானம் வெளுத்திருக்க வேண்டும். நமக்கோ சம்பா வயலில் நிற்பது ஐப்பசி, கார்த்திகையில். பார்க்க வேண்டிய நேரத்தில் பார்வை மறைந்துவிடும்.

இதற்கு மாற்றாக வந்ததுதான் ரேடார். உலகப் போரில் எதிரி விமானத்தைக் கண்டுபிடிக்கப் பயன்பட்ட கருவி. இது தானே ஓர் அலையை அனுப்பி, அது பட்டுத் திரும்புவதை வாங்கிப் படமாக்கும். உங்கள் வானொலிப் பெட்டிக்கு வரும் அலைக்கு இது பங்காளி! மேகமும் இருட்டும் இதைத் தடுக்காது.

நெல்லை எப்படி அடையாளம் காண்கிறது? நடவு வயலில் தேங்கிய தண்ணீரில் பட்ட அலை வேறு பக்கம் வழுக்கிப் போய்விடும். படத்தில் கறுப்பாகத் தெரியும். பயிர் தூர் கட்டி வளர வளர, அலை தண்டில் பட்டுத் திரும்பும்; கறுப்பு வெளுக்கும். இந்த மாற்றத்தைத் தொடர்ந்து பார்த்தால், எங்கே, எப்போது நட்டார்கள் என்று தெரிந்துவிடும்.

1978-ல் அமெரிக்கா அனுப்பிய சீசாட், கடலைப் பார்க்கப் போனது. சுமார் நூறு நாளில் நின்றுபோனது. ஆனாலும் வழி காட்டிவிட்டது. நம் நாட்டில் உருவான ரேடாரோடு ரிசாட்-1 செயற்கைக்கோள் 2012 ஏப்ரல் 26-ல் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து புறப்பட்டது. எடை 1858 கிலோ. 2014-ல் ஐரோப்பாவின் சென்டினல்-1 வந்தது. அதன் படங்களை யாரும் காசில்லாமல் பெறலாம். 2022-ல் நம்முடைய இ.ஓ.எஸ்-04 போனது. இந்தியாவும் அமெரிக்காவும் சேர்ந்து செய்த நிசார் 2025 ஜூலை 30-ல் ஏவப்பட்டது. 12 நாளுக்கு ஒருமுறை அது அதே பாதையில் திரும்பி வரும்.

இதனால் விவசாயிக்கு என்ன லாபம்? 2016-ல் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. விதைக்க முடியாமல் பல கிராமங்களில் நிலம் தரிசாகக் கிடந்தது. கோவை வேளாண்மைப் பல்கலைக்கழகம் ரேடார் படங்களை வைத்து அப்படிப்பட்ட கிராமங்களைக் கணக்கெடுத்தது. பயிர்க் காப்பீட்டுக்கு அது உதவியது. 'விதைக்கவில்லை' என்று நாம் சொன்னதற்கு ஆகாயத்திலிருந்து ஒரு சாட்சி கிடைத்தது.

ஆனால் ஒன்றை மறக்கக் கூடாது. அந்தச் சாட்சிக்கு வயல் தெரியும். வயல்காரர் யாரென்று தெரியாது. பட்டா யார் பேரில், காப்பீடு கட்டினாரா என்பதெல்லாம் அதன் கண்ணுக்கு எட்டாது. கதிரில் எத்தனை மணி பதராகிப் போனது என்பதையும் வயலில் இறங்கித்தான் பார்க்க வேண்டும்.

ஆகவே, பயிரையும் சர்வே எண்ணையும் அடங்கலில் சரியாக எழுத வையுங்கள். கடைசித் தேதிக்குக் காத்திராமல் காப்பீடு செய்யுங்கள். நட்ட தேதியைக் குறித்து வையுங்கள். உங்கள் ஊரில் பயிர் அறுவடைப் பரிசோதனை நடக்கும்போது பக்கத்தில் போய் நில்லுங்கள்.

அந்தப் பெரியவரிடமும் இதைத்தான் சொன்னேன்: "மேலே இருக்கிற கண்ணு மேகத்தைத் துளைச்சுப் பார்க்கும்ங்க. ஆனா கீழே காகிதம் தப்பா இருந்தா, அது பார்த்தும் பிரயோஜனமில்லை."