மூன்றரை வெள்ளித் தட்டு

அந்தத் தட்டு புத்ராஜெயாவில் கிளம்பும்போது வெறும் தொகை. தீபகற்ப மலேசியாவில் ஒரு பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 3 வெள்ளி 50 காசு. சபா, சரவாக்கில் 4 வெள்ளி. செமினியில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் கேன்டீனுக்கு வந்த பிறகுதான் அது வறுத்த மீகூனாகவோ, அவித்த முட்டையோடு நாசி லெமாக்காகவோ உருவெடுக்கிறது, ஓரத்தில் ஒரு துண்டு தர்பூசணியோடு.

பள்ளிகளில் எல்லாரும் ஆர்.எம்.டி. என்று சொல்லும் இந்தத் துணை உணவுத் திட்டம் 1976-இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி, 1979-இல் நாடெங்கும் பரவியது. 1983-இல் பள்ளிப் பால் திட்டம் வந்தது. தட்டின் விலை தீபகற்பத்தில் 2 வெள்ளி 50 காசாக இருந்து, பிறகுதான் ஒரு வெள்ளி கூடியது. நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக ஓர் அரசு ஏழைப் பிள்ளைக்குத் தொடர்ந்து சோறு போட்டு வருவது பெரிய காரியம். அதனால்தான் அந்தச் சோறு நியாயமாகப் போய்ச் சேருகிறதா என்று கேட்க வேண்டியிருக்கிறது.

தட்டின் பயணத்தில் கடினமான கட்டம் சமையல் அல்ல, பட்டியலில் பெயர் ஏறுவது. குடும்ப வருமானத்தைக் காட்ட வேண்டும். அப்பா நாள் கூலிக்கு லாரி ஓட்டுகிறார், சம்பளச் சீட்டு கிடையாது. அம்மா சாப்பாட்டுக் கடையில் மங்கு கழுவுகிறார், சம்பளம் கையில்தான். பிள்ளை பாட்டி வீட்டில் வளர்கிறது, பாட்டியிடம் பாதுகாவலர் என்பதற்குப் பத்திரம் இல்லை. வகுப்பாசிரியர் விடாமல் விசாரித்துப் பாரத்தை நிரப்பிக் கொடுக்கும் பள்ளியில் இந்தப் பெயர்கள் ஏறிவிடும். அப்படி ஒருவர் இல்லாத பள்ளியில் ஏறாது. இரண்டு பள்ளிகளிலும் வறுமை ஒன்றுதான், பட்டியல் வேறு. பூர்வகுடிப் பிள்ளைகளுக்கும் சிறப்புக் கல்வி மாணவர்களுக்கும் இந்த வருமான நிபந்தனை இல்லை. தாள் கேட்காமலே தரலாம் என்பது அரசுக்கும் தெரிந்த வழிதான்.

அடுத்தது விலை. அது சின்னப் பள்ளிகளைத்தான் இடிக்கிறது, அந்தப் பள்ளிகளின் கதை பழையது. 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம், பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தாலே தோட்டத்தில் பள்ளிக்கூடம் வேண்டும் என்றது. அப்படிப் பிறந்த பள்ளிகள் பல இன்றும் நிற்கின்றன. ரப்பர் மரங்கள் போய் வீடமைப்புப் பகுதிகள் வந்துவிட்டன, குடும்பங்கள் மலிவு விலை அடுக்ககங்களுக்கு மாறிவிட்டன, பிள்ளைகள் வேனில் வருகிறார்கள். 150 பேருக்கு மிகாத பள்ளிகளை அரசு ‘குறைந்த மாணவர் பள்ளி’ என்று தனியே வகைப்படுத்துகிறது. தமிழ்ப்பள்ளிகளில் கணிசமானவை இந்த வகை.

இங்கே கேன்டீன் எடுத்து நடத்தும் அக்காவின் கணக்கைப் பாருங்கள். ஆர்.எம்.டி. பிள்ளைகள் 30 பேர் என்றால் ஒரு நாள் வரவு 105 வெள்ளி. பக்கத்து டவுனில் ஆர்.எம்.டி. பிள்ளைகள் மட்டுமே 300 பேர் உள்ள பள்ளியில் 1,050 வெள்ளி. இரண்டு இடத்திலும் விடிகாலை பாசாருக்குப் போக வேண்டும், அடுப்பு எரிய வேண்டும், குறைந்தது ஓர் உதவியாளுக்குக் கூலி கொடுக்க வேண்டும். பெரிய பள்ளியில் காசு கொடுத்து வாங்கித் தின்னும் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் இருப்பார்கள். நஷ்டத்தை அங்கே ஈடுகட்டலாம். சின்னப் பள்ளியில் அதுவும் இல்லை. அப்போது எது குறையும்? கோழித் துண்டு சிறுக்கும், பழம் மெலியும். தட்டுக்கு ஒரே விலை என்பது தாளில் சமத்துவம். தட்டில் அது சமமாக இருப்பதில்லை.

நான் பார்த்த ஒரு வெள்ளிக்கிழமை இடைவேளை. நீள மேசையில் ஆர்.எம்.டி. பிள்ளைகள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். காசு உள்ளவர்கள் நகெட்டுக்கும் கெரோப்போக்குக்கும் தனி வரிசை. நாலாம் ஆண்டுப் பையன் ஒருவன் சோற்றை முடித்துவிட்டு முட்டையை அப்படியே விட்டு எழுந்தான். வீட்டில் வெள்ளிக்கிழமை சைவம். அவன் விட்டுப்போனது அந்தத் தட்டின் முக்கியமான புரதம். புரட்டாசியில் இது மாதம் முழுக்க நடக்கும். பதிவேட்டில் அவன் பெயருக்கு நேரே அன்றும் ஒரு ‘சரி’ விழுந்திருக்கும், ஏனென்றால் பதிவேடு எண்ணுவது கொடுத்த தட்டை. உண்ட தட்டை எண்ண அதில் கட்டமே இல்லை. முட்டைக்குப் பதில் அன்று தெம்பேவோ தவ்வுவோ போடுவதற்குப் பெரிய செலவு ஆகாது.

இந்த நாட்டில் பிள்ளைகளின் உடம்பு இரண்டு பக்கமும் சாய்ந்திருக்கிறது. 2019-ஆம் ஆண்டின் தேசிய உடல்நல ஆய்வில் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 21.8 விழுக்காட்டினர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். 5 முதல் 17 வயதுள்ளவர்களில் 29.8 விழுக்காட்டினர் எடை மிகுந்தவர்கள் அல்லது பருமனானவர்கள். செகாக் உடற்திறன் சோதனைக்காக நாலாம் ஆண்டிலிருந்து பிள்ளைகளின் எடையும் உயரமும் பள்ளியிலேயே அளக்கப்படுகின்றன. அந்த ஏட்டை ஆர்.எம்.டி. பட்டியலோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தாலே, மெலிந்திருந்தும் தட்டு கிடைக்காத பிள்ளை யார் என்று ஒரு மத்தியானத்தில் தெரிந்துவிடும். புதிய கருவி எதுவும் வேண்டாம்.

பட்டியலே இல்லாமல் செய்வது இன்னொரு வழி. தமிழ்நாட்டில் 2022 செப்டம்பர் 15-இல் மதுரையில் தொடங்கிய காலை உணவுத் திட்டம், மறு ஆண்டே மாநிலத்தின் எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்தது. வகுப்பில் யார் ஏழை என்று யாரும் கேட்பதில்லை. மலேசியாவிலும் 2019-இல், 27 இலட்சம் தொடக்கப்பள்ளி மாணவர்கள் அனைவருக்கும் இலவசக் காலையுணவு என்று அறிவித்தார்கள். 2020 தொடக்கத்தில், அதை அறிவித்த கல்வியமைச்சர் பதவி விலகினார். எல்லாருக்கும் என்ற அந்தத் திட்டம் நடைமுறைக்கு வரவில்லை. எனக்கு அது இன்னும் ஆறாத வருத்தம். அந்த ஆண்டு மார்ச்சில் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிகள் மூடியபோது, இருந்த தட்டும் நின்றது.

எல்லாருக்கும் சோறு வரும்வரை செமினிப் பெற்றோர் செய்யக்கூடியது உண்டு. அடுத்த பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் மூன்று விவரங்களைக் கேளுங்கள்: விண்ணப்பித்தும் பட்டியலில் ஏறாதவர்கள் எத்தனை பேர், ஏறாததற்குக் காரணம் என்ன, வெள்ளிக்கிழமை எத்தனை முட்டை மிஞ்சுகிறது. பதிலை எழுதி மாவட்டக் கல்வி அலுவலகத்துக்கு அனுப்புங்கள். சின்னப் பள்ளிகளுக்குத் தட்டுக் கணக்கோடு ஒரு நிலையான மாதத் தொகையும் சேர்த்துத் தர வேண்டும் என்று அதே கடிதத்தில் கேளுங்கள்.