மொட்டை வண்டியும் முதல் நடையும்

எங்கள் வீட்டில் பாட்டனார் காலத்து மொட்டை வண்டி ஒன்று இருந்தது. கூண்டு இல்லாமல், பலகைத் தளம் ஒன்றே கொண்ட மாட்டு வண்டிக்கு அப்பெயர் என்பதை நாட்டுப்புறத்தில் வளர்ந்தவர்கள் அறிவார்கள். அதில் சோளத்தட்டை ஏற்றிக் கயிறு போட்ட பிறகு, பாட்டனார் அந்தக் கயிற்றினிடையே ஒரு கழியைச் செருகி, அது விண்ணென்று நிற்கும்வரை முறுக்குவார். வண்டி ஊர் எல்லையைத் தாண்டியதும் இறங்கி, மறுபடியும் ஒரு முறுக்கு முறுக்குவார். சிறுவனாக இருந்த எனக்கு அது கிழவரின் வீண் பிடிவாதமாகவே தோன்றியது.

1999ஆம் ஆண்டில், சங்ககிரியிலிருந்து புறப்பட்ட ஒரு டிரெய்லரில் நான் ஓட்டுநராகத் தொடங்கினேன். நேயர்கள் அவ்வகை வண்டியை நெடுஞ்சாலைகளில் கண்டிருப்பீர்கள். முன்னே இழுக்கும் எஞ்சின் வண்டி ஒன்று; பின்னே பக்கச் சுவரும் கூரையும் இல்லாத நாற்பதடித் தளம் ஒன்று. இரும்புத் தகடு, தூண், கம்பி, பெரிய இயந்திரம் ஆகிய சுவருக்குள் அடங்காத சரக்குகளெல்லாம் அதன்மேல்தான் ஏறும். மொட்டை வண்டியின் பேரப்பிள்ளை என்று சொன்னால் தவறாகாது.

இதன் பிறப்பு சற்று வேடிக்கையானது. மோட்டார் லாரி என்பதை ஜெர்மனியில் காட்லீப் டெய்ம்லர் 1896இலேயே செய்துவிட்டார். நான்கு குதிரைத்திறன் கொண்ட எஞ்சின். ஏறக்குறைய ஒன்றரை டன் பாரம். ஆனால் பாரத்தை எஞ்சினின் முதுகிலேயே ஏற்றாமல், தனித் தளத்தில் ஏற்றி இழுக்கும் முறை பரவுவதற்கு ஒரு படகு காரணமாயிற்று. 1914இல், அமெரிக்காவின் டெட்ராய்ட் நகரத்து மரவியாபாரி பிரெடரிக் சிப்ளி என்பவர், கோடைக்காலத்தில் தம் படகை வடக்கே ஏரிப் பக்கத்துக்குக் கொண்டு செல்ல விரும்பினார். அவரிடம் இருந்தது ஒரு போர்டு கார். ஆகஸ்ட் புரூஹாப் என்னும் கொல்லரிடம் சென்று, படகை இழுத்துப் போக ஏதேனும் செய்து தரும்படி கேட்டார். புரூஹாப் குதிரை வண்டிகள் கட்டிப் பழகியவர். அவர் செய்து கொடுத்த தளத்தின் பின்பாரம் சக்கரத்தின்மேலும், முன்பாரம் காரின் பின்புறத்தின்மேலும் அமர்ந்தது. படகு சுகமாகப் போய்ச் சேர்ந்தது. வியாபாரி அல்லவா! படகு ஏறும் தளத்தில் மரம் ஏறாதா என்று சிப்ளிக்கு உடனே தோன்றிவிட்டது. 1918இல் புரூஹாப் டிரெய்லர் கம்பெனி தொடங்கப்பட்டது. உல்லாசத்துக்குப் பிறந்த வண்டி உலகத்தின் இரும்பையெல்லாம் சுமக்கலாயிற்று.

நம் நாட்டில் இவ்வேலைக்கு வருகிறவனுக்குச் சட்டம் சில வாசல்களை வைத்திருக்கிறது. இருபது வயது நிரம்பாதவர் போக்குவரத்து வாகனம் ஓட்டலாகாது என்று 1939ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் விதித்தது. 1988ஆம் ஆண்டுச் சட்டமும் அதையே கூறியது. ஒரு நாளைக்கு எட்டு மணி நேரமே வேலை என்று 1961ஆம் ஆண்டு மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. அந்த எட்டு மணி நேரம் எங்கள் வண்டிப் பக்கம் வந்ததாக எனக்கு நினைவில்லை. லைசென்சுக்கு முன்னால் எங்களுக்கு வேறு ஒரு படிப்பு உண்டு. அது கிளீனர் வேலை. நான் மூன்று ஆண்டுகள் அதில் இருந்தேன். டயரை இரும்புக் கம்பியால் தட்டி ஓசையைக் கொண்டு காற்றின் அளவைச் சொல்லவும், இடப்புறம் இடம் இருக்கிறதா என்று குரல் கொடுக்கவும் பழகினேன்.

டிரெய்லரைப் பின்னால் எடுப்பது புதியவனின் ஆணவத்தை அடக்கும் வித்தை. ஸ்டீயரிங்கை வலப்புறம் திருப்பினால் தளம் இடப்புறம் போகும். வளைவில் பின்சக்கரங்கள் முன்சக்கரத்தின் தடத்தில் வாரா. உள்வாங்கி, ஓரத்தில் நிற்பவன் காலருகே வரும். இவற்றையெல்லாம் நான் ஒரு மாதத்தில் கற்றுக்கொண்டேன். ஓட்டக் கற்றதனாலேயே ஓட்டுநராகிவிட்டேன் என்றும் நினைத்துக்கொண்டேன்.

முதல் நடை, பெங்களூரிலிருந்து கோவைக்கு. சரக்கு, எஃகுத் தகடுச் சுருள் இரண்டு. ஒவ்வொன்றும் ஒன்பது டன்னுக்குக் குறையாது. என்னுடன் வந்த மூத்த ஓட்டுநர், "தம்பி, நீயே கட்டு" என்று சொல்லிவிட்டு ஒதுங்கி நின்றார். மரக்கட்டைகளை அடியில் ஆப்பாகக் கொடுத்து, சங்கிலிகளைப் போட்டுத் திருகியால் இறுக்கினேன். அது இரும்பாலான கழி முறுக்கு, அவ்வளவுதான்.

சுருளைப்போல் பொல்லாத சரக்கு வேறில்லை. வண்டி பிரேக் போட்டு நிற்கும். தான் நின்றாக வேண்டும் என்று சுருளுக்குத் தெரியாது. அது முன்னோக்கியே போகப் பார்க்கும். முன்னே இருப்பதோ ஓட்டுநரின் முதுகு. அமெரிக்காவும் கனடாவும் பல ஆண்டுகள் இதைச் சோதித்து ஆராய்ந்தன. அதன் பயனாக அமெரிக்காவில் 2002இல் வெளியாகி, 2004 ஜனவரி முதல் அமலுக்கு வந்த விதிகள், சரக்கின் எடையில் பத்தில் எட்டுப் பங்கு விசை முன்னோக்கித் தள்ளினாலும் கட்டு தாங்க வேண்டும் என்கின்றன. புறப்பட்ட முதல் ஐம்பது மைலுக்குள் இறங்கிக் கட்டைப் பார்க்க வேண்டும் என்பதும் அவ்விதிகளில் உண்டு. ஏனெனில் ஓட்டத்தின் அதிர்வில் மரம் அமுங்கும். மரம் அமுங்கினால் சங்கிலி தளரும். பாட்டனார் ஊர் எல்லையில் இறங்கியதன் காரணமும் அதுவே. நம் நாட்டு விதிகள் தளத்துக்கு வெளியே சரக்கு நீட்டிக்கொண்டிருக்கச் சிறிது இடம் கொடுத்திருந்தன. நீட்டிய கம்பிகளில் மோதிப் பலர் மாண்ட பிறகு, 2014இல்தான் அந்தச் சலுகை நீங்கியது.

ஓசூரில் டீக்கடை முன் நிறுத்தினோம். "கட்டைப் பார்த்துட்டு வா" என்றார். போய்ப் பார்த்தேன். பின்சுருளின் சங்கிலி ஒன்று சற்றே தொய்ந்திருந்தது. நள்ளிரவு, குளிர், எனக்கு விடியுமுன் கோவை சேர்ந்து பெயர் வாங்க வேண்டும். "சரியா இருக்குதுங்க அண்ணா" என்றேன்.

கிருஷ்ணகிரியும் தருமபுரியும் கடந்தன. தொப்பூர்க் கணவாய் நெருங்கியது. சேலத்தை நோக்கி இறங்கும் அந்தச் சரிவு, அன்று இருவழிப் பாதை. டீசலை மிச்சப்படுத்த கியரை நியூட்ரலில் போட்டு உருட்டியவர்களின் வண்டிகள் அங்கே கவிழ்ந்து கிடப்பதைக் கிளீனராக இருந்த நாளிலேயே கண்டிருக்கிறேன். சரிவுக்கு முன்னால் அவர் நிறுத்தச் சொன்னார். டார்ச் விளக்கை எடுத்துக்கொண்டு, என்னை அழைக்காமல் தாமே இறங்கினார்.

நானும் பின்னால் ஓடினேன். பின்சுருளின் ஆப்புக் கட்டை மூன்று விரல் அகலம் நகர்ந்திருந்தது. சங்கிலி கையால் தூக்கினால் வரும்போல் கிடந்தது. அவர் விளக்கை அதன்மேலேயே சிறிது நேரம் பிடித்திருந்தார்.

"ஓசூர்லயே இப்படித்தான் இருந்துதா?"

"கொஞ்சம் தொய்ஞ்சிருந்துதுங்க அண்ணா."

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு மணி நேரம் இருவரும் கட்டையைத் தட்டிச் சேர்த்து, சங்கிலிகளை அவிழ்த்து, முதலிலிருந்து கட்டினோம். பிறகு அவர் வலப்பக்கக் கதவைத் திறந்து ஏறி அமர்ந்தார். இரண்டாம் கியரில், நடக்கிறவன் வேகத்தில், வண்டி கணவாயை இறங்கியது. என் முதுகுக்குப் பின்னால் பதினெட்டு டன் இரும்பு இருப்பதை நான் அன்றுதான் முதன்முதலாக உணர்ந்தேன்.

கோவையில் சரக்கு இறங்கும்போது வெயில் ஏறிவிட்டது. அடுத்த மூன்று நடைகளுக்கு நான் கிளீனராகவே போனேன்.