டீக்கடைக் கணக்கும் ஆம்புலன்ஸ் கணக்கும்

"மலருக்கு ஏதாவது எழுதிக் குடுங்க, ஆனா கதை வேண்டாம், உருப்படியா எழுதுங்க" என்று சங்கச் செயலாளர் போனில் சொன்னார். கல்லூரி நாட்களில் நான் எழுதிய லேப் ரிப்போர்ட்களை அவர் பார்த்திருக்க வேண்டும்! உருப்படியாக எனக்குத் தெரிந்தது ஒரே ஒரு விஷயம்தான். ஒரு வேலைக்கு என்ன வேண்டும் என்று கேட்டு எழுதுவது, எழுதியதைப் படமாக வரைவது, வரைந்தது சரிதானா என்று பார்ப்பது. இதற்குத்தான் எனக்குச் சம்பளம். 'பிசினஸ் அனலிஸ்ட்' என்று கார்டில் அச்சடித்திருக்கிறார்கள். ஊரில் அம்மாவிடம் கேட்டால், "கம்ப்யூட்டர்ல ஏதோ எழுதறான்" என்பார். அதுவும் சரிதான்.

இந்தத் தொழில் எங்கே பிறந்தது தெரியுமா நண்பர்களே? ராணுவத்திலோ ராக்கெட் நிலையத்திலோ இல்லை. லண்டனில், டீக்கடையில்!

ஜே. லயன்ஸ் என்று ஒரு கம்பெனி. டீ, கேக், ரொட்டி விற்பவர்கள். சுமார் 200 டீக்கடைகள். கடையில் விற்பது சில்லறைக் காசுக்கு. ஒரு கேக்கில் கிடைக்கும் லாபம் ஒரு பென்னியில் ஒரு துண்டு. ஆகவே கணக்கு எழுதும் செலவு கூடினால் லாபம் போச்சு. அங்கே ஜான் சிம்மன்ஸ் என்று ஒருவர், கேம்பிரிட்ஜில் கணிதம் படித்தவர். அலுவலக வேலைகள் எப்படி நடக்கின்றன என்று ஆராய்வதற்கே ஒரு தனிப் பிரிவை 1930களிலேயே வைத்திருந்தார். கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பே கேள்வி கேட்கிற ஆள் வந்துவிட்டார். இதை மாணவத் தம்பி, தங்கைகள் கவனிக்க வேண்டும்.

1947இல் லயன்ஸ் இரண்டு அதிகாரிகளை அமெரிக்காவுக்கு அனுப்பியது. பிரின்ஸ்டனில் ஹெர்மன் கோல்ட்ஸ்டைன் அவர்களிடம், உங்கள் நாட்டிலேயே கேம்பிரிட்ஜில் மாரிஸ் வில்க்ஸ் ஒரு மெஷின் கட்டிக்கொண்டிருக்கிறார் என்றார். வீட்டில் வெண்ணெய் இருக்க நெய்க்கு அலைந்த கதை. திரும்பி வந்த லயன்ஸ், வில்க்ஸின் எட்சாக் மெஷினுக்கு 3,000 பவுண்டும் ஒரு உதவியாளரையும் கொடுத்தது. 1949 மே மாதம் எட்சாக் ஓடியது. அதை மாதிரியாக வைத்து ஜான் பிங்கர்டன் என்ற இன்ஜினீயரின் தலைமையில் லயன்ஸ் தனக்கே ஒரு கம்ப்யூட்டர் கட்டியது. பெயர் 'லியோ', அதாவது லயன்ஸ் எலக்ட்ரானிக் ஆபீஸ். ஆயிரக்கணக்கான வால்வுகள், பாதரசக் குழாய்களில் நினைவகம், மொத்தமே 2,048 சொற்கள். இன்று நம் பாக்கெட்டில் இருக்கிற போன் இதைக் கேட்டால் சிரிக்கும்.

1951 நவம்பரில் பேக்கரிப் பொருட்களின் மதிப்பீட்டுக் கணக்கு லியோவில் வாராவாரம் ஓட ஆரம்பித்தது. வியாபார வேலை ஒன்றை ஒரு கம்ப்யூட்டர் வாடிக்கையாகச் செய்தது உலகிலேயே அதுதான் முதல்.

மெஷினை விட எனக்குப் பிடித்தவர் டேவிட் காமினர். 1936இல் பயிற்சியாளராக லயன்ஸில் சேர்ந்தவர். போரில் துனிசியாவில் ஒரு காலை இழந்தவர். லியோவுக்கு வேலைகளை வகுத்துக் கொடுக்கும் பிரிவு அவர் கையில். உலகின் முதல் சிஸ்டம்ஸ் அனலிஸ்ட் என்று இன்று அவரைச் சொல்கிறார்கள். அவர் பிரிவின் பழக்கம் மூன்று. முதலில், வேலை செய்கிற ஆளிடமே போய், வேலை எப்படி நடக்கிறது என்று கேட்பது. இரண்டாவது, அதை ஃப்ளோ சார்ட்டாக வரைவது. மூன்றாவது, ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரி வரியாகச் சரிபார்ப்பது. மெஷின் நேரம் தங்கம் மாதிரி. அதனால் தப்பைக் காகிதத்திலேயே பிடித்துவிட வேண்டும்.

டீக்கடை ஆர்டர் வேலையைப் பாருங்கள். ஒவ்வொரு கடையின் மேனேஜரம்மாவும் நாளைக்கு எத்தனை பன், எத்தனை கேக் என்று தினமும் பெரிய படிவம் நிரப்ப வேண்டும். அந்தப் படிவத்தை அப்படியே கம்ப்யூட்டரில் ஏற்றியிருக்கலாம். நம்மில் பலர் அதைத்தான் செய்வோம். காமினரின் ஆட்கள் அந்தப் படிவமே வேண்டுமா என்று பார்த்தார்கள். திங்கட்கிழமை ஆர்டர் பெரும்பாலும் போன திங்கட்கிழமை மாதிரியேதான் இருக்கும். ஆகவே கிழமைக்கு ஒரு நிரந்தர ஆர்டர். மாற்றம் இருந்தால் அதை மட்டும் போனில் சொன்னால் போதும். மறுமுனையில் காதில் ஹெட்போன் மாட்டிய பெண்கள் கேட்கக் கேட்கக் கார்டில் துளையிட்டுவிடுவார்கள். 1954இல் இது ஓடியது.

சம்பளப் பட்டியலுக்கு மட்டும் அவசரப்படவே இல்லை. பேக்கரிக் கணக்கு ஓடி இரண்டு வருஷம் கழித்து, பழைய முறையோடு சேர்த்து ஓட்டி ஒப்பிட்டுப் பார்த்த பிறகு, 1954 பிப்ரவரியில்தான் சம்பளத்தை லியோவிடம் விட்டார்கள். குமாஸ்தாவுக்கு ஓர் ஆளின் சம்பளம் போட 8 நிமிஷம். லியோவுக்கு ஒன்றரை விநாடி. இருந்தும் காத்திருந்தார்கள். பன் குறைந்தால் டீயோடு சமாளிக்கலாம், சம்பளம் குறைந்தால்?

இப்போது அதே லண்டன், 38 வருஷம் கழித்து.

1992 அக்டோபர் 26, திங்கட்கிழமை. லண்டன் ஆம்புலன்ஸ் சர்வீஸில் புது கம்ப்யூட்டர் முறை. 600 சதுர மைலுக்கு மேல் பரப்பு, 68 லட்சம் மக்கள், நாளொன்றுக்கு 2,000 முதல் 2,500 அழைப்புகள். அதுவரை காகிதத்தில் எழுதி, அனுபவசாலிகள் தலைக்குள் இருந்த வரைபடத்தை வைத்து வண்டி அனுப்பினார்கள். இனி எந்த வண்டி எங்கே இருக்கிறது என்று கம்ப்யூட்டருக்கே தெரியும், கிட்டே இருப்பதை அதுவே அனுப்பும் என்பது திட்டம்.

காகிதத்தில் திட்டம் அழகு. ஆனால் வண்டிகளின் இடமும் நிலையும் ஏறக்குறைய முழுக்கச் சரியாகத் தெரிந்தால்தான் அது வேலை செய்யும். நிஜத்தில் ரேடியோ எட்டாத இடங்கள் உண்டு. நெருக்கடியில் ஆம்புலன்ஸ்காரர் பட்டனை மறப்பார், வரிசை மாற்றி அழுத்துவார். வண்டி ஓட்டுபவர்களைத் தேவைகளை எழுதும்போது சரியாகக் கலந்துகொள்ளவில்லை, அவகாசமும் போதவில்லை. விளைவு, ஓர் இடத்துக்கு இரண்டு வண்டி, இன்னோர் இடத்துக்கு ஒன்றும் இல்லை. காத்திருந்தவர்கள் மறுபடி மறுபடி போன் செய்தார்கள். எச்சரிக்கைச் செய்திகள் குவிந்து திரையை விட்டே நகர்ந்து போயின. மறுநாள் மதியம் பாதி கைமுறைக்குத் திரும்பினார்கள். தலைமை அதிகாரி அந்த வாரமே பதவி விலகினார்.

நவம்பர் 4 விடிகாலையில் அதுவும் நின்றது. முந்தைய மாதம் யாரோ விட்டுப்போன சிறு நிரல் துண்டு ஒன்று, ஒவ்வொரு வண்டி புறப்படும்போதும் நினைவகத்தில் கொஞ்சம் விழுங்கி, திருப்பித் தராமலே இருந்திருக்கிறது. கடைசியில் காகிதமும் பேனாவும்தான் காப்பாற்றின. பிறகு 1996இல் வந்த முறையை, ஊழியர்களோடு சேர்ந்து, படிப்படியாகக் கொண்டுவந்தார்கள். அது நின்றது.

ஊரான் கதையைச் சொல்லி முடித்தால் நியாயமில்லை. என் கதையும் ஒன்று இருக்கிறது.

வேலைக்குச் சேர்ந்த நாலாவது வருஷம், ஒரு நூற்பாலைக்குக் கூலிக் கணக்கு முறை. தேவை அறிக்கை எழுதியது நான். 'ஒரு தேதியில் 8 மணி நேரம் இருந்தால் முழு நாள். 4 மணிக்குக் குறையாமல் இருந்தால் அரை நாள். அதற்கும் கீழே என்றால் ஆப்சென்ட்.' பெரிய அதிகாரி கையெழுத்துப் போட்டார். தீபாவளிக்குள் வேண்டும் என்று அவசரம். பழைய கணக்கோடு சேர்த்து ஓட்டிப் பார்க்கவில்லை.

ராத்திரி ஷிப்ட் 10 மணிக்கு ஆரம்பித்துக் காலை 6 மணிக்கு முடியும். நடுவில் தேதி மாறும். வாரத்தின் நடுவில் முந்தின ராத்திரியின் 6 மணியும் இன்றைய 2 மணியும் சேர்ந்து எட்டாகிவிடும். நாங்கள் சோதித்தது செவ்வாய், புதன் கணக்கை மட்டும். பிரமாதமாக வந்தது! ஆனால் திங்கள் ராத்திரி தொடங்கினவருக்குத் திங்கட்கிழமை வெறும் 2 மணி, ஆப்சென்ட். ஞாயிறு காலை 6 மணி, அரை நாள். ஆறு ராத்திரி உழைத்தவருக்கு ஐந்தரை நாள் கூலி. ராத்திரி ஷிப்ட் ஆட்கள் எல்லோருக்கும், வாராவாரம்.

கண்டுபிடித்தது நானில்லை. ஒரு தொழிலாளி அம்மா விரலை மடக்கி எண்ணிப் பார்த்து, கூலிச் சீட்டோடு வந்து நின்றார். பழைய கணக்குப்பிள்ளை என்னை அழைத்து, "ஏனுங் தம்பி, ராத்திரி ஷிப்ட்டுக்கு வந்த தேதியத்தானுங்க பாக்கோணும், போற தேதியப் பாத்தா எப்படிங்க?" என்றார். "இத முன்னாடியே சொல்லியிருக்கலாமே ஐயா" என்றேன். "எங்கிட்ட யாருங்க கேட்டாங்க?" என்றார்.

பதில் சொல்ல முடியவில்லை. பாக்கியை எல்லாம் அடுத்த வாரம் கொடுத்துவிட்டார்கள். ஆனால் அந்தத் தீபாவளிக்கு அந்த அரை நாள் கூலி அவர்கள் கையில் இல்லையே. அதை எப்படித் திருப்பிக் கொடுப்பது?

அதற்கப்புறம் எனக்கு மூன்று வழக்கம். கையெழுத்துப் போடுகிறவரிடம் மட்டுமல்ல, வேலையைச் செய்கிறவரிடமும் கேட்பேன். வரைந்த படத்தை அவர் முன்னால் விரித்து, "இதுல எது தப்பு?" என்பேன். "சரியா?" என்று கேட்டால் எல்லோரும் மரியாதைக்குத் தலையாட்டிவிடுவார்கள். மூன்றாவது, வாரத்தின் நடுவை விட்டுவிட்டு ஓரத்தைச் சோதிப்பேன்: முதல் நாள், கடைசி நாள், நடு ராத்திரி, மாதக் கடைசி.

காமினர் 2008இல், 92 வயதில் காலமானார். அவர் கட்டிய பழக்கம் டீக்கடையில் பிறந்தது என்பதை நினைத்தால் சந்தோஷமாக இருக்கிறது. நம் கல்லூரி கேட்டுக்கு எதிரே உள்ள கடையிலும், யார் யார் எத்தனை டீ பாக்கி என்பது அண்ணனுக்கு மனப்பாடம். நோட்டு கிடையாது. அந்தக் கணக்கைக் கம்ப்யூட்டரில் ஏற்ற ஆசைப்படும் தம்பி, தங்கைகளே, முதலில் அவரிடம் உட்கார்ந்து கேளுங்கள். அப்படியே என் பழைய பாக்கி எவ்வளவு என்றும் கேட்டுச் சொல்லுங்கள். ரீயூனியனுக்கு வரும்போது கொடுத்துவிடுகிறேன்.