பேரேடும் பொறியும்: லியோ முதல் ஹொரைசன் வரை

பழைய வணிகக் கணக்குகளைப் புதிய மென்பொருளுக்கு மாற்றுவதா, வேண்டாமா என்ற கேள்வி இன்று சிறு கடைக்காரரையும் விட்டுவைப்பதில்லை. லண்டனிலும் ரொறன்ரோவிலும் கடை நடத்தும் நம்மவர் சிலர் என்னிடமும் இதைக் கேட்டதுண்டு. கணக்கியல் என் துறையன்று. ஆயினும் பிரித்தானியாவில் நிகழ்ந்த இரண்டு மாற்றங்களின் வரலாறு இக்கேள்விக்கு நேரடியான பதிலைத் தருகிறது என்று நினைக்கிறேன். ஒன்று 1951இல் தொடங்கியது, மற்றையது 1999இல். முன்னையதைச் சிலரே அறிவர். பின்னையதை உலகமே அறியும்.

ஜே. லயன்ஸ் என்ற கொம்பனி பிரித்தானியாவில் தேநீர்க் கடைகளுக்குப் பெயர்போனது. பாணும் கேக்கும் தயாரிக்கும் அதன் பெரிய வெதுப்பகங்கள் மேற்கு லண்டனில் கட்பி ஹோல் என்ற இடத்தில் இருந்தன. ஒரு கோப்பைத் தேநீரில் கிடைப்பது சில்லறை இலாபம். ஆனால் அந்தச் சில்லறையைக் கணக்கெழுதப் பெரும் எழுதுவினைஞர் படையே வேண்டியிருந்தது. கணித பட்டதாரியான ஜோன் சிம்மன்ஸ் என்பவர் 1923இல் அங்கு சேர்ந்து, இந்த எழுத்து வேலையைச் சுருக்கும் வழிகளை ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்து வந்தார். 1947இல் தொம்சன், ஸ்ராண்டிங்போர்ட் என்ற இரு அலுவலர்கள் அமெரிக்காவுக்கு அனுப்பப்பட்டனர். புதிய மின்னணுக் கணிப்பொறிகள் அலுவலக வேலைக்கு உதவுமா என்று அவர்கள் அங்கு விசாரித்தபோது, உங்கள் நாட்டிலேயே கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் அப்படியொன்று உருவாகிறது, அங்கே போய்ப் பாருங்கள் என்று பதில் கிடைத்தது. (ஊர்க் கோயிலை விட்டுத் தொலைதூரத்துக்கு யாத்திரை போன கதைதான்!) லயன்ஸ் அந்தப் பல்கலைக்கழக முயற்சிக்குப் பணம் கொடுத்து உதவியது, பின்னர் தானே ஒரு பொறியைக் கட்டியது. அதுவே லியோ. உலகில் வழமையான வணிகக் கணக்கு வேலைக்குப் பயன்பட்ட முதற் கணினி என்ற பெருமை அதற்குரியது.

என் கவனத்தை ஈர்ப்பது பொறியைவிட, கணக்கு அதற்குள் சென்ற முறைதான். 1951 நவம்பரில் முதலில் ஒப்படைக்கப்பட்டது வெதுப்பக உற்பத்தியின் வாராந்தப் பெறுமதிக் கணக்கு. ஒரு வாரம் அது பிந்தினாலும் எவர் வீட்டிலும் அடுப்பு அணையாது. சம்பளக் கணக்கு அப்படியல்ல. ஒரு தொழிலாளியின் சம்பளத்தை எழுதுவினைஞர் கணக்கிட எட்டு நிமிடமாகும். லியோவுக்கு ஒன்றரை விநாடி போதும். இத்தனை ஆதாயம் கண்ணெதிரே இருந்தும் 1954 வரை பொறுத்திருந்தார்கள். பொறி நம்பகமானது என்று தெளியும்வரை, கையெழுத்துக் கணக்கும் பொறிக் கணக்கும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தன. இரண்டும் முரண்பட்டால் ஏனென்று தேடினார்கள். வேலைமுறைகளை வகுத்த டேவிட் கமினர், மொத்தங்கள் ஒன்றோடொன்று ஒத்துவராவிட்டால் எதையும் ஏற்காதவர். பத்திரிகைத் தொழிலில் இருப்போருக்கு இது எளிதில் விளங்கும். மூலப்பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளாத ஒப்புநோக்குநர் எதை ஒப்புநோக்க முடியும்?

லியோவின் பிற்காலப் பொறிகளைப் பிரித்தானிய அஞ்சற் திணைக்களமும் வாங்கிற்று. தொலைபேசிச் சேவையும் அப்போது அதன் பொறுப்பிலேயே இருந்தது. அதன் கட்டணப் பட்டியல்களைத் தயாரிக்கவே அவை பயன்பட்டன. காலம் கடந்தபின்னும் திணைக்களம் அவற்றை எளிதிற் கைவிடவில்லை. வேறு நிறுவனங்கள் ஒதுக்கிய லியோக்களை வாங்கி, பாகங்களைக் கழற்றிப் பொருத்தி 1981 வரை ஓடவிட்டது. இதைப் பழமைவாதம் என்று சிலர் சிரிக்கக்கூடும். சரியான பட்டியல் தந்துகொண்டிருந்த பொறியை அவசரப்பட்டு விலக்காமை மடமை என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கிடையில் லியோ கொம்பனி கைமாறியது. 1963இல் இங்கிலிஷ் எலெக்ரிக்குடன் இணைந்தது. 1968இல் அந்த வழி ஐ.சி.எல். என்ற பெரிய நிறுவனத்துக்குள் சென்று கலந்தது. 1990இல் ஐ.சி.எல்லின் பெரும்பங்கை ஜப்பானின் புஜிட்சு வாங்கியது. லியோவின் வாரிசான இந்த ஐ.சி.எல்தான் ஹொரைசன் மென்பொருளை உருவாக்கியது.

1999இல் ஹொரைசன் பிரித்தானிய அஞ்சலகங்களுக்கு வந்தது. பெரும்பாலான கிளைகளை நடத்தியோர் அரச ஊழியரல்லர். சொந்தப் பணத்தை முதலிட்ட உப தபாலதிபர்கள். தெற்காசிய வழியினர் பலரும் அவர்களுள் அடங்குவர். அதுவரை அவர்கள் வாரந்தோறும் காசுக் கணக்கைத் தாளில் எழுதி ஒப்பேற்றி அனுப்பினார்கள். பணம் குறைந்தால் எந்த வரியில் பிசகு என்று தாமே தேடலாம். ஹொரைசன் வந்தபின் எழுத்து மறைந்து திரை மட்டும் எஞ்சியது. திரை காட்டிய குறைவு எங்கிருந்து வந்தது என்பதைக் கிளையில் இருந்தவரால் முழுமையாகப் பார்க்க முடியவில்லை. ஐயத்துக்குரிய தொகையைக் கிளையிலேயே தொங்கற் கணக்கில் வைத்து வாதாடும் வழியும் 2005இல் அடைபட்டது. பணத்தைக் கட்டு, அல்லது குறைவை ஏற்றுக்கொள் என்ற நிலை. ஏற்றுக் கையெழுத்திட்டவர் கடனாளி. பொய்யாக ஒப்பேற்றியவர் குற்றவாளி.

மென்பொருளில் வழு இருந்ததா? 2015இல் ஸ்கொட்லாந்தின் டல்மெலிங்டனில் நிகழ்ந்ததைப் பாருங்கள். 8,000 பவுண் காசு ஒரு கிளையிலிருந்து மற்றொன்றுக்குக் கொண்டுசெல்லப்பட்டது. திரை அசையாமல் நிற்க, அலுவலர் விசையை மீண்டும் மீண்டும் அழுத்தினார். ஒரே பணம் நான்கு தடவை பதிவாகி, 24,000 பவுண் இல்லாத குறைவொன்று உருவாயிற்று.

பிரிட்லிங்டனில் அஞ்சலகம் நடத்திய லீ காசில்டனின் கணக்கில் 2004இல் ஏறத்தாழ 25,000 பவுண் குறைந்தது. அவர் உதவித் தொலைபேசிக்கு 91 தடவை அழைத்தார். வழக்கில் 2007இல் தோற்றார். செலவுத் தொகை மட்டும் 321,000 பவுண், அவர் வங்குரோத்தானார். திருடியவன் 91 தடவை அழைத்துக் கணக்கைப் பாருங்கள் என்று கேட்பானா என்ற எளிய கேள்வி அன்று எடுபடவில்லை.

காரணம் சட்டத்திலும் இருந்தது. கணினி தரும் ஆவணத்தைக் குற்றவியல் வழக்கில் சாட்சியமாக்க விரும்புவோர், அது சரியாக இயங்கியது என்று காட்டவேண்டும் என்ற விதி இங்கிலாந்தில் 1984இலிருந்து இருந்தது. ஹொரைசன் வந்த அதே 1999இல் இயற்றப்பட்ட சட்டம் அந்த விதியை நீக்கியது. அதன்பின், மாறாகக் காட்டப்படும்வரை கணினி சரியாகவே இயங்கியது என்பது நீதிமன்றத்தின் ஊகம். மாறாகக் காட்டுவதற்கான தரவோ புஜிட்சுவிடமும் அஞ்சலகத் தலைமையிடமும் இருந்தது. உப தபாலதிபரிடம் பழைய காசேடுகூட இல்லை.

லயன்ஸில் கணக்குகள் முரண்பட்டபோது பொறியும் சந்தேகத்துக்கு உள்ளாயிற்று. ஹொரைசனில் மனிதர் மட்டுமே சந்தேகிக்கப்பட்டனர். எனவே கடைக்கார நண்பர்களுக்கு நான் சொல்வது இதுதான்: மாற்றுங்கள், ஆனால் பழைய பேரேட்டை மூடிவிடாதீர்கள். ஓராண்டுக் கணக்காவது இரண்டிலும் ஒத்துவரட்டும். புதிய மென்பொருளில் உள்ள ஒவ்வொரு பதிவையும் நீங்களே தாளில் எடுக்க முடியுமா, உங்களுக்குத் தெரியாமல் வேறெவரும் அதற்குள் கைவைக்க முடியுமா என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள். விலையைப் பிறகு பேசலாம்.

வழுக்கள் இருந்தன என்று லண்டன் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 2019 டிசம்பரில். 2021 ஏப்ரலில் 39 பேரின் தண்டனைத் தீர்ப்புகள் ஒரே நாளில் இரத்தாயின. எஞ்சிய நூற்றுக்கணக்கானோரை விடுவிக்க 2024 மே மாதம் நாடாளுமன்றம் தனிச் சட்டமே இயற்றவேண்டியதாயிற்று. கணினி பற்றிய அந்தப் பழைய ஊகத்தை மாற்றுவதா என்று பிரித்தானிய நீதி அமைச்சு பொதுமக்களிடம் கருத்துக் கோரியது 2025 ஜனவரியில்.