பண்பாட்டிடைத் திறன் அளவீடு

வேறு பண்பாட்டாரோடு ஒருவர் எவ்வளவு புரிதலுடன் பழகி வேலை செய்கிறார் என்பதை மதிப்பிடும் முறை. ஆய்வாளர் மில்டன் பென்னட் 1986இல் வகுத்த வளர்ச்சிப் படிநிலைகள் ஒரு பெயர்பெற்ற வினாப்பட்டியலுக்கு அடிப்படையாயின. சூன் ஆங் குழுவினர் 2007இல் வெளியிட்ட பண்பாட்டு நுண்ணறிவு அளவுகோல் அறிவு, அறிவைக் கண்காணித்தல், ஊக்கம், நடத்தை ஆகியவற்றை 20 கூற்றுகளால் அளக்கிறது. இரண்டிலும் பெரும்பாலும் விடையளிப்பவரே தம்மைப் பற்றிச் சொல்கிறார். முக்கியமான குறை இதுவே.

காஞ்சிபுரம் வட்டாரத்தில் இது ஏட்டுக் கேள்வியன்று. 1996இல் தொடங்கிய ஹூண்டாயின் இந்திய நிறுவனம் இருங்காட்டுக்கோட்டை ஆலையில் கொரிய மேலாளர்களையும் தமிழ்த் தொழிலாளர்களையும் ஒன்றுசேர்த்தது. அத்தகைய இடத்தில் மேலாளர் தமக்குத் தாமே தரும் மதிப்பெண் போதாது. அவர் கீழ் உழைப்பவரின் மதிப்பீடும் வேண்டும். தொழிலாளி அச்சத்தால் புகழ்ந்தே எழுதுவார் என்பது நியாயமான மறுப்பு. பெயர் கேட்காமல், நிறுவனத்துக்கு வெளியே உள்ளவர் தமிழில் கேட்டால் அச்சம் குறையும்.

பக்கத்து உத்திரமேரூரில் பராந்தகச் சோழன் காலத்துக் கல்வெட்டு (10ஆம் நூற்றாண்டு) தகுதி அளப்பதன் இரு முகங்களையும் காட்டுகிறது. ஊர்ச்சபைப் பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவரை அது தேர்விலிருந்து விலக்கியது. பேச்சை விட்டுச் செயலைப் பார்த்த அந்த விதி இன்றும் பின்பற்றத் தக்கது. ஆனால் நிலவுடைமையையும் வேதக் கல்வியையும் எதிர்பார்த்ததால் பெரும்பாலோருக்குக் கதவு அடைபட்டது. வேற்றுநாட்டில் உருவான வினாக்களும் அப்படிக் கதவை அடைக்கலாம். எனவே இவ்வளவுகோல்களைப் பயிற்சிக்கு முன்னும் பின்னும் பயன்படுத்தலாம். ஆளைத் தேர்ந்தெடுக்கவோ விலக்கவோ பயன்படுத்தக் கூடாது.