யூ.எஸ்.ஜே.க்குள் ஒரு தோட்டம்

யூ.எஸ்.ஜே. என்பதன் விரிவு யூ.ஈ.பி. சுபாங் ஜெயா. அங்கே குடியிருப்பவர்களுக்கு இது தெரியும். யூ.ஈ.பி. என்றால் என்ன என்று கேட்டால்தான் கொஞ்சம் யோசிப்பார்கள். யுனைடெட் எஸ்டேட்ஸ் புராஜெக்ட்ஸ் என்ற நிறுவனப் பெயர் அது. எஸ்டேட் என்ற ஆங்கிலச் சொல் ரப்பர் தோட்டத்தையும் குறிக்கும், வீடமைப்புப் பகுதியையும் குறிக்கும். ஒரே நிலத்தில் முதல் பொருள் போய் இரண்டாவது பொருள் வந்து உட்கார்ந்த கதைதான் சுபாங் ஜெயா.

கோலாலம்பூருக்கும் கிள்ளானுக்கும் நடுவில் இருந்தது சீபீல்டு தோட்டம். ஐம்பதுகளில் எஃபிங்ஹாம் தோட்டத்தில் பெட்டாலிங் ஜெயா எழுந்தபோதே, நகரம் இந்தப் பக்கம்தான் நகரும் என்பது தெரிந்துவிட்டது. 1976இல் சீபீல்டில் வீடமைப்பு தொடங்கியது. வீடுகளோடு கடைவீடுகளும் பள்ளிகளும் வந்தன. 1985இல் மருத்துவமனை, 1988இல் சுபாங் பரேட். பிறகு நகரம் தெற்கே யூ.எஸ்.ஜே.யாக நீண்டது.

நிலம் சைம் டார்பி குழுமத்திடமே இருந்தது. நமது தேசிய நிலச் சட்டப்படி விவசாய நிலத்தைக் கட்டட நிலமாக மாற்ற மாநில அரசின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி கிடைத்தால் நிலத்தின் விலையே வேறு. செம்பனையும் பால்மரமும் அதோடு போட்டி போட முடியாது.

சரி, லயத்தில் இருந்தவங்க? தோட்டத்து வீடு வேலையோடு வந்தது. வேலை போனா வீடும் போச்சு. மூன்று தலைமுறை வாழ்ந்திருந்தாலும் கையில் பட்டா கிடையாது. 1990ஆம் ஆண்டுத் தொழிலாளர் வீடமைப்புச் சட்டம்கூட வீடு எப்படி இருக்க வேண்டும் என்றுதான் பேசுகிறது; அது யாருக்குச் சொந்தம் என்று பேசவில்லை. ஆக, நகரத் திட்டத்தின் பார்வையில் அவர்கள் குடியிருப்பாளர்கள் அல்ல, காலி செய்ய வேண்டியவர்கள்.

மிஞ்சியது பெயர்கள். 'லாடாங் சீபீல்டு' என்றே இன்றும் அழைக்கப்படும் தமிழ்ப்பள்ளி ஒன்று. யூ.எஸ்.ஜே. 25இல் நூற்றாண்டைக் கடந்த மாரியம்மன் கோயில் ஒன்று. தோட்டம் போனது, கோயில் நின்ற நிலம் மேம்பாட்டாளருக்குரியதானது. 2018 நவம்பரில் அங்கே வெடித்த கலவரத்தைச் செய்தியாக மட்டுமே பார்த்தோம். அதில் காயமடைந்த தீயணைப்பு வீரர் ஒருவர் அடுத்த மாதம் இறந்தார். பல ஆண்டுகளுக்கு முன்பே வரைபடத்தில் தீர்த்திருக்க வேண்டிய கணக்கு அது.

நகரமே வேண்டாம் என்று சொல்லவில்லை. தோட்டத்துப் பிள்ளைகள் பலர் இன்று இப்படிப்பட்ட தாமான்களில்தான் வாழ்கிறோம். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960இல், துன் சம்பந்தன் தொழிலாளர்களிடம் 10 வெள்ளி, 10 வெள்ளியாகத் திரட்டித் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கினார். நிலம் கையில் இல்லாதவனுக்குத் திட்டத்தில் இடமில்லை என்பது அவருக்குத் தெரிந்திருந்தது.

உள்ளூர்த் திட்ட வரைவுகளை மக்கள் பார்வைக்கு வைத்து ஆட்சேபம் கேட்க வேண்டும் என்பது 1976இலிருந்தே சட்டத்தில் இருக்கிறது. அடுத்த முறை அப்படி ஒரு வரைபடத்தைப் பார்க்க நேர்ந்தால் முதலில் தேட வேண்டியது பேரங்காடியை அல்ல. ஏற்கெனவே அங்கே இருப்பவர்களின் லயம் எந்த மூலையில் வரையப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். வரையப்படவில்லை என்றால், அதுதான் உங்கள் ஆட்சேபம்.